பழைய அயர்லாந்துக் கிராமங்களில் கொடுக்கல் வாங்கல்: பண்டமாற்றா, கடன் கணக்கா?

பழங்கணக்கு:

வணக்கம். அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பெரிய தொகுப்பு வேலையைச் செய்து முடித்தது. ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். கொடுக்கப்பட்ட தலைப்புகளில் 'வாங்குவதும் விற்பதும்' ஒன்று. ஊருக்கு ஊர் பதில்கள் ஒத்துப்போகின்றன: முன்பு கடை குறைவு, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சாமான் விற்பார்கள், காசுக்குப் பதில் வேலை செய்துகொடுத்துச் சரக்கு வாங்குவார்கள், குதிரைக்குக் குதிரை மாற்றினால் மட்டமான குதிரைக்காரர் மேல்பணம் வைப்பார்.

இதை வைத்து 'பணமே இல்லாத பண்டமாற்றுச் சமூகம்' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் நாணயம் இல்லை என்பது சரி. ஆனால் கணக்கு பவுண்டு, ஷில்லிங், பென்ஸிலேயே ஓடியது.

1845-இல் கிழங்கு அழுகித் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முந்தைய 1830களை எடுத்துக்கொள்ளுங்கள். நிலமில்லாத கூலியாள் ஒரு விவசாயியிடம் எருப்போட்ட நிலத்தை ஒரே ஒரு போகத்துக்கு, உருளைக்கிழங்கு நட, வாங்குவார். கோனேக்கர் என்று இதற்குப் பெயர். ஏக்கருக்கு 8 பவுண்டு என்று வையுங்கள். 6-உம் உண்டு, 10-க்கு மேலும் உண்டு. கூலி நாளுக்கு 8 பென்ஸ். பவுண்டுக்கு 240 பென்ஸ், ஆக 8 பவுண்டு 1,920 பென்ஸ். 8-ஆல் வகுத்தால் 240 நாள் வேலை. அரை ஏக்கர் எடுத்தவர் 120 நாள் உழைத்தால் கணக்கு நேர். ஒரு செப்புக்காசுகூடக் கைமாறாது, ஆனால் ஒவ்வொரு நாளும் பென்ஸில்தான் கழிகிறது.

எழுதத் தெரியாதவர்களுக்கு இதற்குக் குச்சிக் கணக்கு. ஒரு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி. வேலை முடிந்த அன்று இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டாகத் தழும்பு போடுவார்கள். ஒருவர் தன் பாதியில் மட்டும் வெட்டிக் கூட்டினால் சேர்த்துப் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஏமாற்று நடக்கும் இடம் குச்சி அல்ல. எந்த நாள் முழுநாள், மழையில் பாதியில் நின்ற நாளுக்கு வெட்டு உண்டா என்பதைத் தீர்மானிப்பவர் நிலக்காரர், சண்டையெல்லாம் அங்கேதான். போதாததற்கு, அவருக்கு அறுவடை வந்தால் கூலியாளின் சொந்தக் கிழங்கு மண்ணில் காத்திருக்க வேண்டும்.

சந்தை, கடற்கரை, வெண்ணெய், முட்டை இவற்றில் எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏர்முனை:

நல்ல இழை ஐயா. மாட்டுச் சந்தையை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கிராமத்துக்குள் நாணயம் நுழைந்த வாசலே அதுதான்.

முதலில் நாள். குத்தகைத் தவணை வழக்கமாக மே 1, நவம்பர் 1. பணம் அப்போது தேவை, ஆகவே மாடும் அந்தப் பருவங்களில்தான் சந்தைக்கு அதிகம் வரும். 1752-இல் நாட்காட்டியை மாற்றி 11 நாளைக் கழித்தபோது சனங்கள் பல ஊர்களில் பழைய நாளை விடவில்லை. அதனால்தான் வடக்கே ஆள் அமர்த்தும் சந்தைகள் மே 12, நவம்பர் 12-ஐ ஒட்டி நின்றன.

சந்தை என்றால் தனித் திடல் என்று நினைக்காதீர்கள். பல ஊர்களில் முக்கியத் தெருவே சந்தை. மாடு முட்டிக் கண்ணாடி உடையாமலிருக்கக் கடைக்காரர்கள் சன்னலுக்கு முன் மரத்தடுப்புக் கட்டிவிடுவார்கள். மாட்டுக்காரர் இரவிலேயே ஓட்டிக்கொண்டு கிளம்பி, விடியுமுன் தெருவில் இடம் பிடித்து நிற்பார். மீத், கில்டேர் போன்ற கொழுத்த மேய்ச்சல் மாவட்டங்களுக்கு மேற்கிலிருந்து இளமாடு வாங்கிப் போகும் வியாபாரிகளின் ஆட்கள் ஊருக்கு வெளியே சாலையிலேயே மறிப்பார்கள். அன்றைய விலை வெளியே தெரியும் முன் நல்ல மாட்டைத் தட்டிக்கொண்டு போகத்தான் இந்த அவசரம். சாலையில் விற்றவர் பெரும்பாலும் நட்டப்பட்டார். விற்காமல் வந்தவர் தெருவில் கூட்டத்தைப் பார்த்துத்தான் விலை நிதானிக்க முடிந்தது.

பேரம் இப்படிப் போகும். விற்பவர் கிடேரிக்கு 12 பவுண்டு கேட்கிறார். வாங்குபவர் முதுகைத் தடவி, விலாவை அமுக்கி, 9 என்கிறார். விற்பவர் திரும்பிக்கொள்கிறார். வாங்குபவர் நடையைக் கட்டுகிறார். இந்த இடத்தில் தரகர் நுழைவார். டாங்க்ளர் என்று அவரைச் சொல்வார்கள். போகிறவர் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து, இருவர் கையையும் சேர்க்கப் பார்ப்பார். ஒவ்வொரு விலைக்கும் வாங்குபவர் விற்பவரின் உள்ளங்கையில் ஓங்கி அறைவார். 11-க்கும் 10-க்கும் இடையில் நின்றால், 'இழுபறியை நடுவில் வெட்டு' என்பார் தரகர். 10 பவுண்டு 10 ஷில்லிங். 'என் வார்த்தையை உடைக்காதே' என்று இருவரையும் கட்டுவார். உள்ளங்கையில் துப்பிக் கடைசி அறை விழுந்துவிட்டால் முடிந்தது, எழுத்து கிடையாது. பின்வாங்கினால் அடுத்த சந்தையில் எந்தத் தரகரும் அவர் பக்கம் வரமாட்டார்.

உடனே மாட்டின் பின்பக்கம் கத்தரியால் கொஞ்சம் மயிரை நறுக்கியோ, சேறு அல்லது சாயம் பூசியோ அடையாளம் வைப்பார்கள். பணம் அந்த இடத்தில் கிடையாது. வாங்கிய மாடுகளை ஒன்றுசேர்த்த பிறகு, மதுக்கடையிலோ ரயிலில் ஏற்றும் இடத்திலோ எண்ணிக் கொடுப்பார். இதில் ஒரு ஆபத்து: காலையில் பேசிய விலை, மதியம் விலை விழுந்திருந்தால் வியாபாரி 'மாட்டுக்கு ஒரு கால் நொண்டுகிறது' என்று ஆரம்பிப்பார். பேரத்தின்போது தரகரைத் தவிர இன்னும் இரண்டு அண்டைவீட்டார் பக்கத்தில் நின்றதற்குக் காரணம் இதுதான். வேடிக்கை பார்க்க அல்ல, சாட்சிக்கு.

கடைசியாக லக் பென்னி. பணத்தை வாங்கிய கையோடு விற்பவர் ஒரு சிறு தொகையை வாங்கியவரிடம் திருப்பித் தருவார். மாட்டுக்கு ஒரு ஷில்லிங், அரை கிரவுன் (இரண்டரை ஷில்லிங்) என்று, குதிரைக்குக் கூடுதலாக. அதைத் தராத விற்பனை முழுமையாகாது. இதை வெறும் ராசி நம்பிக்கை என்று ஒதுக்கினால் பாதிதான் புரியும். இது பேரத்தின் கடைசி நெம்புகோல். '10 பவுண்டு 10, ஆனால் 5 ஷில்லிங் திரும்பி வரவேண்டும்' என்று முன்கூட்டியே பேசிவிட்டால், விற்பவர் ஊரில் போய் 10 பவுண்டு 10-க்கு விற்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம், வாங்குபவருக்கும் குறைவு. இருவர் மானமும் நிற்கும். முன்கூட்டிப் பேசாமல் விட்டால்தான் மதுக்கடையில் சண்டை.

மணிமேகலை:

ஏர்முனை அண்ணா, ஏமாற்று வேலைகளையும் சேர்த்து எழுதுங்கள். சந்தை வழக்கங்களில் பாதி அதற்கு எதிராக வந்தவைதானே.

ஏர்முனை:

ஆமாம். கறவையைச் சந்தைக்கு முந்தின மாலையும் அன்று காலையும் கறக்காமல் விடுவது மிகப் பரவலான வேலை. மடி புடைத்து நிற்கும், பால்மாடு என்று தோன்றும். விவரமான ஆள் மடியைப் பார்க்கமாட்டார். நான்கு காம்பிலும் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பார், எது அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். காம்பில் பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தால் கட்டிவைத்த மடி என்று அர்த்தம்.

வயதுக்குக் கொம்பு. ஒவ்வொரு ஈற்றுக்கும் கொம்படியில் ஒரு வளையம் விழும். வளையத்தை எண்ணி இரண்டைக் கூட்டினால் தோராயமான வயது. அதனால் கிழட்டு மாட்டின் கொம்பை அரத்தால் ராவி மெழுகிவிடுவார்கள். கொம்பு மொழுமொழுவென்று இருந்தாலே வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும். குதிரையில் அந்தப் பல்லையே ஏமாற்றினார்கள்: வயதானால் முன்பல்லின் கருங்குழி தேய்ந்து மறையும், அதைக் குடைந்து சூட்டுக்கோலால் கருக்கிவிட்டால் இளங்குதிரை. ஆனால் பல்லின் வடிவம் வயதோடு முக்கோணமாக மாறுவதையும் பல் முன்னோக்கிச் சாய்வதையும் யாராலும் மறைக்க முடியாது. குதிரைச் சந்தைகளில், பட்டிவன்ட் பக்கம் காஹிர்மீ, கிளேரில் ஸ்பான்சில் ஹில், பாலினஸ்லோ, இங்கெல்லாம் விலையைப் பவுண்டில் சொல்லாமல் கினியில் சொல்வார்கள். ஒரு கினி 21 ஷில்லிங், பவுண்டோ 20. 40 கினி என்று கேட்டு 40 பவுண்டு என்று நினைத்து வந்தவர் 2 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார்.

சுங்கம் ஒன்று விட்டுப்போனது. சந்தை நடத்தும் உரிமை அரசு சாசனத்தில் நிலவுடைமையாளருக்குக் கொடுக்கப்பட்டது. கில்லார்க்லின் ஆட்டுக்கிடாய்ச் சந்தைக்கு 1613-இல் சாசனம். சுங்கம் வசூலித்த இடம் பல ஊர்களில் நுழைவாயில் அல்ல, வெளியேறும் வழி. விற்ற மாட்டுக்குத்தான் சுங்கம், விற்காத மாட்டுக்கு இல்லை. 'இது விற்காத மாடு' என்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். அந்தச் சத்தியத்துக்குப் பயந்தவர் சுங்கம் கட்டினார், பயப்படாதவர் கட்டவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சுங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய கோபத்துக்கு இந்த முறையும் ஒரு காரணம்.

மணிமேகலை:

மாட்டை விற்கும்போது தும்புக்கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். கயிற்றோடு கொடுத்தால் வீட்டு மாட்டின் யோகமும் போய்விடும் என்பது நம்பிக்கை. வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். மே முதல் நாள் அன்று பால், வெண்ணெய், அடுப்பு நெருப்பு எதையும் வீட்டுக்கு வெளியே கொடுக்காத வழக்கமும் இதே குடும்பம். கேட்டு வந்தவர் யாரென்றாலும் கொடுக்கமாட்டார்கள். அந்த வருடத்து வெண்ணெய் முழுக்க அவரோடு போய்விடும் என்ற பயம்.

அந்தப் பயத்தின் காரணம், வெண்ணெய்க் காசு யாருடையது என்று பார்த்தால் விளங்கும். மாடு விற்ற பணம் குத்தகைக்குப் போனது. பன்றி விற்றதும் அப்படியே. உப்பு, தேயிலை, நூல், பிள்ளைக்குச் செருப்பு எல்லாம் வெண்ணெயிலும் முட்டையிலும் வந்தது. இரண்டும் வீட்டுப் பெண்ணின் கையில்.

தெற்கே வெண்ணெய் கார்க் நகரத்துக்குப் போனது. 1770 வாக்கில் வணிகர் குழு நகரின் ஷாண்டன் பகுதியில் வெண்ணெய் மாற்றகம் வைத்தது. கெர்ரி மலைகளிலிருந்து வண்டிக்காரர்கள் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வருவார்கள். காஸல்ஐலண்ட் ஊர்க்காரர் ஜான் மர்ஃபி 1748-இல் போடத் தொடங்கிய பாதைக்கும் அதன் கிளைகளுக்கும் இன்றைக்கும் வெண்ணெய்ச் சாலை என்றே பெயர். மாற்றகத்தில் ஆய்வாளர் பீப்பாய்க்குள் நீண்ட துளைக்கருவியைச் செலுத்தி அடிவரை ஒரு குச்சி வெண்ணெயை உருவி எடுப்பார். நிறம், மணம், சுவை, பிறகு முதல்தரம், இரண்டாம்தரம் என்று பீப்பாயிலேயே கீறுவார். தரம் ஒன்று இறங்கினால் விலை இறங்கும், மேல்முறையீடு அநேகமாகப் பலிக்காது.

சிறு விவசாயி எங்கே அடிபட்டார் என்பது இந்தத் துளையில் தெரியும். மூன்று பசு வைத்திருப்பவருக்கு ஒரு பீப்பாய் நிரம்ப வாரக்கணக்காகும். ஒவ்வொரு கடைசலும் ஒரு நிறம், ஒரு உப்பு. உருவிய குச்சியில் அவை பட்டை பட்டையாகத் தெரியும், தரம் விழும். அடுப்புப் புகை ஏறிய வெண்ணெய் மணத்தில் மாட்டும். மோர் சரியாகப் பிழியாமல் உப்பைக் கூட்டிப் போட்டால் சில வாரத்தில் காறல். பீப்பாய் மரத்தை உப்புநீரில் ஊறவைக்காவிட்டால் மரவாசனை வெண்ணெயில் இறங்கும். அளவுக்கு மீறி ஊறிய பீப்பாயோ வெற்று எடையே கூடி வெண்ணெய்க்குக் கணக்கில் வரும். பீப்பாய் செய்தவர் தன் பெயரையும் வெற்று எடையையும் சூடுபோட வேண்டும் என்று சட்டம் வந்தது இதனால்தான்.

பழங்கணக்கு ஐயாவின் வாதத்துக்கு இதில் நல்ல சான்று இருக்கிறது. கார்க் வெண்ணெய் வணிகர்கள் வசந்தத்திலேயே விவசாயிக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள். பருவம் முழுக்க அவருடைய வெண்ணெய் அந்த வணிகருக்குத்தான் போக வேண்டும். வட்டி என்று தனியாகப் பேச்சு இல்லை. பீப்பாய்க்குப் பீப்பாய் பிடித்துக்கொள்வார்கள்.

முட்டையில் கணக்கு இன்னும் நெருக்கமானது. வண்டியோடு வீடு வீடாக வரும் சில்லறை வியாபாரி முட்டையை எடுத்துக்கொண்டு தேயிலை, சர்க்கரை, நூல் கொடுப்பார். நூறு முட்டை என்றால் 120; அந்த வணிகத்தில் 'பெரிய நூறு' அதுதான். முட்டைக்கு விலை அவர் சொல்வது, தேயிலைக்கு விலையும் அவர் சொல்வது. இரண்டு பக்கமும் லாபம் அவருக்கு. பதிலுக்கு வீட்டுக்காரம்மா செய்த வேலை, கிறிஸ்துமஸ் விலையேற்றத்துக்காக இலையுதிர்காலத்து முட்டையைச் சேர்த்துவைப்பது. பழையதும் புதியதும் ஒரே விலை என்றால் புத்தம்புது முட்டை கொடுக்க யாருக்கும் காரணம் இல்லை. பழைய முட்டையும் அழுக்கு வைக்கோலும் சேர்ந்து பிரிட்டிஷ் சந்தையில் ஐரிஷ் முட்டையின் பெயர் கெட்டது. டென்மார்க் முட்டை மேலே போனது. 1924-இல் முட்டைச் சட்டம் வந்து, ஏற்றுமதியாளர் பதிவு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் சோதனை, எடைவாரித் தரம் எல்லாம் கட்டாயமான பிறகே அது நிமிர்ந்தது.

கடலோடி:

நண்பர்களே, எல்லாமே பண மதிப்பில்தான் ஓடியது என்று சொல்வதை ஏற்கமாட்டேன். மேற்குக் கடற்கரைக்கு வாருங்கள்.

மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள் முதுகுக்கூடையில் மீனைச் சுமந்து உள்நாட்டுப் பண்ணைகளுக்கு நடந்து போவார்கள். திரும்பும்போது கூடையில் உருளைக்கிழங்கு அல்லது ஓட்ஸ் மாவு. இதில் எங்கே பென்ஸ்? அன்றைய பிடிப்பைப் பொறுத்து, எத்தனை மீனுக்கு எவ்வளவு கிழங்கு என்று கண்ணளவில் முடிவாகும். மீன் அழுகும் பொருள். பேரம் நீண்டால் விற்பவருக்குத்தான் சேதம். அதனால் ஒவ்வொருவரும் தனக்கென்று சில வீடுகளை வைத்துக்கொண்டு அங்கேயே போவார்.

அரன் தீவுகள் வெறும் சுண்ணாம்புப் பாறை. எரிக்கப் பீட் மண்கட்டி கிடையாது. எதிர்க்கரையான கானமராவில் பீட் நிலம் ஏராளம், சுண்ணாம்பு கிடையாது. அதனால் ஹூக்கர் பாய்மரப் படகுகள் பீட் கட்டியை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, திரும்பும்போது நிலைப்புக்காக அடிப்பாரமாகச் சுண்ணாம்புக் கல்லை ஏற்றிவரும். அந்தக் கல்லைச் சுட்டுப் புளித்த நிலத்துக்குப் போட்டார்கள். தீவில் தண்ணீர் குறையும் கோடையில் அங்குள்ள குதிரைகள் கானமரா மலைக்கு மேய்ச்சலுக்குப் போய், இலையுதிர்காலத்தில் திரும்பின. கரைக்குக் கரை உள்ள குறைகளே இந்த வணிகத்தை உண்டாக்கின.

வேலைக்கு வேலை என்பதையும் பாருங்கள். ஒரே ஒரு குதிரை வைத்திருக்கும் இருவர் சேர்ந்து இரட்டை ஏர் பூட்டி இருவர் நிலத்தையும் உழுவார்கள். குதிரையே இல்லாதவர் குதிரையோடு வந்த ஆளின் ஒரு நாளுக்குப் பல நாள் ஆள்வேலை கொடுப்பார். அறுவடைக்கும் பீட் வெட்டவும் ஊரே கூடும் மெஹல் என்ற வழக்கத்தில் கணக்கே எழுதமாட்டார்கள். சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு. உங்கள் முறை வரும்போது அவர் வராமலிருக்க முடியாது. கைம்பெண் வீட்டு வேலைக்குத் திரும்ப எதுவும் எதிர்பார்க்காமல் போனார்கள். இதைப் பென்ஸாக மாற்றிக்காட்டுவது பின்னாளில் நாம் போடும் கணக்கு, அவர்கள் போட்டதல்ல.

பழங்கணக்கு:

கடலோடி, மெஹல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை ஏற்கிறேன். அது உறவுக்குள், ஊருக்குள். ஆனால் நீங்களே இருக்கும் கடற்கரையில் கெல்ப் வணிகத்தைப் பாருங்கள். கடற்பாசியை வெட்டி, உலர்த்தி, கல் தொட்டியில் ஒரு நாளுக்குக் குறையாமல் எரித்து, உருகி இறுகிய சாம்பல்கட்டியை அயோடின் எடுக்கும் தொழிற்சாலை முகவருக்கு விற்றார்கள். ஏறத்தாழ 20 டன் ஈரப்பாசி எரிந்தால் 1 டன் கெல்ப். மணலும் கல்லும் கலந்துவிட்டால் எடை கூடும் என்பதால், முகவர் துண்டு உடைத்துச் சோதித்து அயோடின் அளவுப்படி விலை வைத்தார். சோதனை அவர் கையில், அந்தக் கரைக்கு முகவரும் அவர் ஒருவரே. படகில் ஏற்றி வந்ததைத் திருப்பி ஏற்றிப்போக வழியில்லை. ஊருக்குள் கண்ணளவு, ஊரைத் தாண்டினால் காசளவு. நம் இருவர் பேச்சும் இந்த எல்லையில் சேர்கிறது என்று நினைக்கிறேன்.

அளவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பழைய கணக்குகளைப் படிப்பவர்கள் விழும் குழி இது. 1826 வரை அயர்லாந்தில் தனி நாணயக் கணக்கு. ஓர் ஆங்கில ஷில்லிங்குக்கு 13 ஐரிஷ் பென்ஸ். ஐரிஷ் ஏக்கர் 7,840 சதுர கஜம், சட்ட ஏக்கரைப் போல 1.62 மடங்கு, வடக்கில் ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் கன்னிங்ஹாம் ஏக்கர் 6,250. பீப்பாய் என்பது தானியத்தில் கொள்ளளவே இல்லை, எடை: கோதுமை 20 ஸ்டோன், பார்லி 16, ஓட்ஸ் 14, முளைகட்டிய பார்லி 12. ஸ்டோன் 14 பவுண்டு எடை என்று எல்லா இடத்திலும் நம்ப முடியாது. உருளைக்கிழங்குக்கு 16, 21 என்றெல்லாம் ஊர்வழக்கு இருந்தது. இதற்கு மேல் 'தராசு சாய்வுக்கு' என்று வாங்குபவர் ஒவ்வொரு நிறுவையிலும் சில பவுண்டு எடையைக் கழிப்பார். 1852-53-இல் சந்தைகளை ஆராய்ந்த அரசு விசாரணைக் குழுவின் முன் விவசாயிகள் கொட்டிய குறைகளில் இந்தக் கழிவு முக்கியமானது. பத்து பேரத்தில் காப்பாற்றிய பென்ஸ், தராசில் போனது.

மணிமேகலை:

டோனகல் பெண்களின் காலுறைப் பின்னலை விட்டுவிட்டால் இந்த இழை முழுமையாகாது. முகவர் நூல் கொடுப்பார், பெண்கள் வீட்டில் பின்னுவார்கள். ஆர்டரா, கிளென்டீஸ் பக்கம் நூல் வாங்கவும் உறை கொடுக்கவும் பல மைல் நடந்தார்கள். முகவரே கடைக்காரர். கூலி காசாகக் கிடையாது. தேயிலையும் சர்க்கரையும்தான், அதுவும் கடை விலையில். கூலியைச் சரக்காகக் கொடுப்பதை 1831-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது, 1887-இல் அது அயர்லாந்துக்கும் விரிந்தது. 1890களின் இறுதியில் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் வந்து விசாரித்தபோது பெரிய தடை சாட்சிதான். வாய் திறந்தால் அடுத்த முறை நூல் கிடைக்காது. கூலியும் மளிகையும் ஒரே ஆளிடம் என்றால் சட்டம் காகிதத்தில் நின்றுவிடுகிறது.

ஏர்முனை:

அதோடு கோம்பீன்காரரை, அதாவது கடனுக்குச் சரக்கு கொடுத்து வட்டி பிடுங்கும் கடைக்காரரை, சேர்த்துப் பாருங்கள். புதுக்கிழங்கு வருவதற்கு முந்தைய ஜூன், ஜூலை மாதங்களில் பழைய கிழங்கு தீர்ந்துபோகும். மாவு மூட்டையைக் கடனுக்குத்தான் எடுக்க வேண்டும். ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. வட்டி அந்த இடைவெளிக்குள் ஒளிந்திருக்கும். பேரேடு கடையில் மட்டும், வாங்குபவரிடம் துண்டுச்சீட்டுகூட இல்லை. ஸ்காட்லாந்துக்கு அறுவடை வேலைக்குப் போனவர்கள் இலையுதிர்காலத்தில் பணத்தோடு திரும்பினால் அது நேராகக் கடைக்குப் போகும்.

அதே சமயம் எல்லாக் கடைக்கடனும் சுரண்டல் என்று சொல்லிவிட முடியாது. 1930களில் கிளேர் மாவட்டத்தை ஆராய்ந்த ஆரன்ஸ்பெர்க், கிம்பல் என்ற அமெரிக்க மானுடவியலாளர்கள் கவனித்தது இது: விவசாயி பாக்கியை முழுதாகத் தீர்ப்பதே இல்லை. தவணைக்குத் தவணை கொஞ்சம் கட்டி, கொஞ்சம் நிற்கவிடுவார். முழுப் பாக்கியையும் வைத்துவிட்டால் 'உன்னோடு உறவு முடிந்தது' என்று அர்த்தம். கோபம் வந்தால்தான் அப்படிச் செய்வார்கள். கடைக்காரரும் கிறிஸ்துமஸுக்கு வாடிக்கையாளருக்கு மெழுகுவர்த்தி, பழரொட்டி என்று பரிசு கொடுப்பார். கொடுக்காத கடைக்கு ஜனவரியில் ஆள் குறையும்.

கோம்பீன் பிடியை உடைத்த முயற்சிகளில் எனக்கு மதிப்புள்ளது டோனகலின் டங்லோவில் 1906-இல் பேட்ரிக் கலாகர் தொடங்கிய டெம்பிள்க்ரோன் கூட்டுறவு. முதலில் உரத்தை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தார்கள், பிறகு கடை, பிறகு முட்டை, பின்னல். எங்கே கடன் விலைக்கும் ரொக்க விலைக்கும் இடைவெளி அதிகமோ அங்கே முதலில் கைவைத்தார்கள்.

மணிமேகலை:

கூட்டுறவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு அண்ணா. 1889-இல் லிமெரிக்கின் ட்ரோம்கொலஹரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை, அதாவது பாலை வாங்கி வெண்ணெய் எடுக்கும் ஆலை, வந்தது. தரம் சீரானது, விலை ஏறியது. ஆனால் வெண்ணெய் கடைந்த பெண்ணின் கையிலிருந்த காசு, மாதாந்தரப் பால் பணமாக வீட்டு ஆணின் பெயருக்குப் போனது. முட்டை மட்டும் அவளிடம் மிஞ்சியது.

கடலோடி:

பழங்கணக்கு தொடங்கிய கோனேக்கர் கணக்குக்குத் திரும்புகிறேன். 240 நாள் வேலையை முன்னாலேயே கொடுத்துவிட்டவருக்கு 1845 இலையுதிர்காலத்தில் கிழங்கு குழியில் அழுகியது. 1846-இல் ஏறக்குறைய முழுதாகப் போனது. வளர்ந்த ஆண் ஒருவர் நாளுக்கு 12 முதல் 14 பவுண்டு எடை கிழங்கு தின்ற இடம் அது. உழைப்பைக் கொடுத்து உணவை எடுக்கும் முறையில் இடையே காசே இல்லாததால், உணவு போனதும் மாற்றாக வாங்கக் கையில் எதுவும் இல்லை.

அரசு ஒரு லட்சம் பவுண்டுக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்கியது. பிறகு சாலை வேலை வைத்து நாளுக்கு 8 முதல் 10 பென்ஸ் என்று ரொக்கக் கூலி கொடுத்தது. தனியார் வணிகம் மற்றதைக் கவனித்துக்கொள்ளும் என்று பிரிட்டிஷ் நிதித்துறை அதிகாரி ட்ரெவெல்யன் போன்றவர்கள் நம்பினார்கள். மேற்கில் பல பகுதிகளில் மாவு விற்கும் கடையே கிடையாது என்பதை அந்த நம்பிக்கை கணக்கில் எடுக்கவில்லை. சனங்கள் தின்றதைத் தாங்களே விளைவித்ததால் அங்கே சில்லறை உணவு வணிகம் வளரவே இல்லை. கூலியைப் பெற்றவர் பத்து, பதினைந்து மைல் நடந்து, எகிறிய விலையில் வாங்க வேண்டியிருந்தது. 'பண மதிப்பில் கணக்குப் போட்டார்கள்' என்பதும் 'பணப் பொருளாதாரம்' என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டுக்கு உயிர்கள் போயிருக்கின்றன.

பழங்கணக்கு:

கனமான உண்மை. தலைப்பில் நான் வைத்த கேள்வியைவிட இதுவே முக்கியமானது. கணக்குப்பணம் இருந்தது, கைப்பணம் இல்லை. இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும் என்று என் முதல் பதிவோடு சேர்த்துப் படியுங்கள்.

ஏர்முனை:

சந்தை எப்படி முடிந்தது என்பதை மட்டும் எழுதி நிறுத்துகிறேன். 1887-ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தைகளில் மாட்டை நிறுக்கும் தராசு வைக்க வேண்டும். பல ஊர்களில் வைத்தார்கள், உபயோகம் குறைவு. கண்ணால் எடை போடுவதில் வியாபாரிக்கு நாள்தோறும் பயிற்சி. வருடத்துக்கு இரண்டு மாடு விற்கும் விவசாயிக்கு அது கிடையாது. தராசு அந்த வித்தியாசத்தை அழித்துவிடும் என்பதால் வியாபாரிகள் ஒதுக்கினார்கள். விவசாயியும் 'எடை குறைவாக வந்துவிட்டால்?' என்று தயங்கினார். 1950களில் கூட்டுறவு மாட்டு ஏல மையங்கள் வந்தபோதுதான் ஒவ்வொரு மாடும் எடைமேடை ஏறி, பலர் முன் ஏலம் போனது. பணத்துக்கு மையமே பொறுப்பு என்பதால் மதுக்கடைக்கு வெளியே காத்திருக்கும் வேலையும் ஒழிந்தது. 1960களின் இறுதிக்குள் பெரும்பாலான தெருச் சந்தைகள் நின்றுபோயின. லக் பென்னி மட்டும் ஏல மையத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஏலத்தில் விலை முடிந்த பிறகும் விற்றவரைத் தேடிப்பிடித்து அதைக் கேட்கும் ஆட்கள் இருந்தார்கள்.